மறுமொழி: ‘எம்பாடிட் எனர்ஜி’க்குத் தமிழ்ச் சொல் – அடக்க ஆற்றல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கட்டுமானப் பொருளைச் செய்து கொண்டுவந்து சேர்க்கும்வரை செலவாகும் மொத்த ஆற்றலை ஆங்கிலத்தில் ‘எம்பாடிட் எனர்ஜி’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்ட இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்து வருகிறேன். மதுரையில் வீடு கட்டித் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: அடக்க ஆற்றல்.

சொல் என்னுடையதன்று. போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மனையில் கிடைத்தது. வீட்டுக்காரர் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். சுவருக்குச் சேம்பர் சூளையில் சுட்ட செங்கலா, சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லா என்று முடிவு செய்ய உட்கார்ந்திருந்தோம். “ஒவ்வொரு கல்லுக்கும் உள்ளுறை ஆற்றல் என்று ஒன்று உண்டு” என்று ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் கிடந்த செங்கலை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். “உள்ளே சூடு தங்குமா? சித்திரையில் வீடு கொதிக்குமே” என்றார்.

மண் தோண்டுவது, கல் அறுப்பது, சுடுவது, லாரியில் ஏற்றி வருவது என்று வரிசையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அதாவது இந்தக் கல்லின் அடக்கத்தில் விறகு எவ்வளவு, டீசல் எவ்வளவு என்கிறீர்கள்” என்றார். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

கடைவீதியில் அடக்கம் என்றால் என்ன? கொள்முதல் விலை, லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துச் சரக்கு கைக்கு வந்து சேரும்வரை ஆன மொத்தச் செலவு. ரூபாய் இருக்கும் இடத்தில் ஆற்றலை அளக்கும் அலகான மெகாஜூலைப் போட்டால் நாம் தேடும் பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

> ‘உள்ளுறை ஆற்றல்’ நேரான பெயர்ப்பு. அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, நேராக இருப்பதுதான் இடைஞ்சல். பள்ளி இயற்பியலில் உள்ளுறை வெப்பம் என்ற சொல் ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறாமல் உட்கொள்ளும் வெப்பம் அது. நீர் மறுபடி உறையும்போது வெளியே வந்துவிடும். செங்கலில் அப்படி எதுவும் உறைந்து கிடக்கவில்லை. விறகு எரிந்து புகை போய்விட்டது. ‘பொதிந்த ஆற்றல்’ என்று சொன்னவர்களுக்கும் இதே பதில்தான். பொதிந்திருப்பதைப் பிரித்து எடுக்கலாம், செலவழிந்ததை எடுக்க முடியாது. ஆங்கிலச் சொல்லே இந்த இடத்தில் வழிதவற விடுகிறது. அந்தத் தவற்றையும் சேர்த்து நாம் சுமக்க வேண்டாம்.

> அடக்கம் என்றால் பணிவு, இல்லாவிட்டால் புதைப்பது. கேட்கவே நன்றாக இல்லை.

அம்மா, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் ‘அடக்க விலைக்கே தருகிறேன்’ என்று கடைக்காரர் சொல்லும்போது யாருக்கும் இடுகாடு நினைவுக்கு வருவதில்லை. கூட்டுச்சொல்லில் பக்கத்துச் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. புணர்ச்சி விதிப்படி ‘அடக்கவாற்றல்’ என்று எழுதலாம். ஆனால் அடக்க விலையின் உறவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் பிரித்தே எழுதுகிறேன்.

கணக்குக்கு வருகிறேன். இந்திய நிலைமைக்கு 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி சுட்ட செங்கல் ஒன்றுக்கு 4.25 மெகாஜூல். சிமெண்ட் கிலோவுக்கு 5.85, எஃகு 42, அலுமினியம் 236.8. சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண்கல், செங்கல் அளவுக்குக் குறைத்துப் பார்த்தால் 1 மெகாஜூலை ஒட்டி நிற்கிறது. மளிகைக்காரருக்கு இதைச் சீமைக்கருவேல விறகாக மாற்றிச் சொன்னேன். காய்ந்த விறகு கிலோவுக்கு 15, 16 மெகாஜூல் என்று வைத்தால் ஒரு செங்கலுக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல். பத்தாயிரம் கல்லுக்கு இரண்டே முக்கால் டன். அந்த எண்ணுக்கு அடியில் அவர் இரண்டு கோடு போட்டார்.

துணைச் சொற்களும் இதே வேரிலிருந்து கிளைக்கின்றன. உற்பத்தி இடத்தை விட்டு வெளியேறும்வரை ஆனது சூளை அடக்கம். கட்டுமிடத்தில் இறக்கும்வரை ஆனது மனை அடக்கம். சூளையையே காளவாசல் என்று சொல்லும் ஊர் எங்களுடையது, பைபாஸ் சாலையில் ஒரு பஸ் நிறுத்தமே அந்தப் பெயரில் இருக்கிறது. ஆகவே ‘காளவாசல் அடக்கம்’ என்று எழுதத்தான் எனக்கு ஆசை, ஆனால் திருச்சி தாண்டினால் விளங்காது. குடியேறிய பிறகு விளக்குக்கும் ஏசிக்கும் செலவாவதைப் புழங்கு ஆற்றல் எனலாம். ஒரு பொருளைச் செய்து கொண்டுவரும்வரை வெளியான கார்பனுக்கு, கார்பன் என்ற சொல்லைப் பாடநூலில் உள்ளபடியே விட்டு, அடக்கக் கார்பன் எனலாம்.

சொல்லோடு நிற்காமல் பிழைப்பைப் பற்றியும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் இதற்குள் ஒரு தொழில் காத்திருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சில் அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளைப் பக்கமே போவதில்லை. குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸ் ஆயிரம் பாகைக்கு மேல் சுடப்பட்டு, பாதி இந்தியாவைக் கடந்து வருகிறது. விலைப்பட்டியலில் இரண்டும் ரூபாயால் மட்டுமே ஒப்பிடப்படுவதால் காரைக்குடிப் பக்கத்துக் கைவினைஞரின் பலம் அந்தத் தாளில் ஏறுவதே இல்லை. ஆத்தங்குடிக் கல்லிலும் சிமெண்ட் இருக்கிறது, ஆகவே அடக்க ஆற்றல் பூஜ்யம் என்று யாரும் விளம்பரம் செய்துவிடக் கூடாது. அளந்து சொல்ல வேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கல்லுக்கும் இதே நியாயம்தான். அந்த அளவையை இங்கேயே செய்து தரும் கூடமும், அதை மதிப்பீட்டில் சேர்த்து எழுதத் தெரிந்த பொறியாளர்களும் தேவை. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் கல் அச்சடிக்கும் ஒருவர் தன் சரக்கின் மேல் இந்த எண்ணை அச்சிட்டால் வாங்குபவருக்குப் படிக்கத் தெரிய வேண்டும்.

எளிய பெயர் ஒரு தொழில் பரவ உதவும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்துத் தார்ச்சாலை போடத் திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறை ஒப்பந்தக்காரர் வரை போய்ச் சேர்ந்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. அது பரவியதற்கு வேலையின் தரம்தான் முதற்காரணம். ஆனாலும் ‘பிளாஸ்டிக் சாலை’ என்று கேட்ட உடனேயே தார் போடுகிறவருக்கும் விளங்கியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஒத்தக்கடை வீட்டுக்கு வரும் திங்களன்று இறுதி மதிப்பீடு கொடுக்கிறேன். ரூபாய்ப் பத்திக்கு அடுத்த பத்தியின் தலைப்பு ‘அடக்க ஆற்றல் (மெகாஜூல்)’. இதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளன்