புரோகிராமிங் படிக்கும்போது குறிப்பு எடுப்பது எப்படி?

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் வெப் டெவலப்மென்ட் படிக்கிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் முடிந்து இப்போது ஜாவாஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஆசிரியர் சொல்வது, யூடியூபில் பார்ப்பது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன், கொஞ்சம் நோட்டில், கொஞ்சம் போனில், மீதி ஸ்கிரீன்ஷாட்டாக. ஆனால் வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு பக்கம் செய்யும்போது அதில் எதுவும் கைகொடுப்பதில்லை, கடைசியில் கூகுளில்தான் போய்த் தேடுகிறேன். எம்ஆர்டி ரயிலில் போகவர நிறைய நேரம் இருக்கிறது, அப்போது புரட்டிப் பார்க்கிற மாதிரி குறிப்பு வேண்டும். நீங்கள் எல்லாம் எப்படி எழுதுகிறீர்கள்? எந்த ஆப் நல்லது? ஏஐயிடம் கேட்டால் உடனே பதில் வருகிறதே, குறிப்பு எதற்கு என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். அதையும் சொல்லுங்கள்.

பஸ்_பிரியன்:
வீடியோவில் வருவதை எழுதாதீர்கள் தம்பி. அது அங்கேயே இருக்கும், எம்டிஎன் என்ற வெப் டெவலப்மென்ட் விளக்கத் தளத்தில் அதைவிடத் தெளிவாகவே இருக்கும். உங்கள் கோட் எங்கே முரண்டு பிடித்தது, ஏன் பிடித்தது என்பது மட்டும் வேறெங்கும் கிடைக்காது, அதை எழுதுங்கள்.

என் குறிப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன். சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) டேட்டாமால் தளத்தில் பஸ் வரும் நேரத்தைத் தரும் ஏபிஐ (நம் புரோகிராம் நேரடியாகத் தகவல் கேட்டு வாங்கும் வழி) இருக்கிறது, நம் ஊரில் படிக்கிறவர்களுக்கு அருமையான பயிற்சி. பஸ் நிறுத்த எண் ஐந்து இலக்கம், சில 0-வில் தொடங்கும். 01012 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பராக மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 1012 ஆகிவிடும், அப்புறம் அந்த நிறுத்தத்தை எப்படித் தேடினாலும் கிடைக்காது. மேற்கோள்குறி இல்லாமல் கோடிலேயே 01012 என்று எழுதினால் இன்னும் விசேஷம்: ஸ்ட்ரிக்ட் மோடில் (விதிகளைக் கறாராகப் பார்க்கும் முறை) பிழை காட்டி நின்றுவிடும், அது இல்லாவிட்டால் எட்டின் அடிப்படையிலான எண்ணாக எடுத்துக்கொண்டு 522 என்று காட்டும். இதற்கு நான் எழுதியிருப்பது: என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, ஏன், எப்படிச் சரிசெய்தேன். கடைசியில் ஒரு வரி, "கூட்டிக் கழிக்காத எண் எல்லாம் ஸ்ட்ரிங்." அதாவது எண்ணாக இல்லாமல் மேற்கோள்குறிக்குள் எழுத்தாக வைப்பது. அஞ்சல் குறியீட்டுக்கும் அதேதான், நகரப் பகுதியில் பல 0-வில்தான் தொடங்குகின்றன.

தோபாயோ_அக்கா:
பஸ்_பிரியன் சொன்னது வேலை செய்யத் தொடங்கியவருக்குப் பொருந்தும். இப்போதுதான் படிக்கிறவருக்கு அடிப்படையும் மனதில் நிற்க வேண்டுமே. வீடியோவை மூடிவிட்டு, பார்க்காமல், தாளில் எழுதிப் பாருங்கள், எது நிற்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். பக்கத்தில் பெட்டிகளை வரிசைப்படுத்தும் சிஎஸ்எஸ் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்குப் படம் போட்டே ஆக வேண்டும் என்பேன். ஜஸ்டிஃபை-கன்டென்ட் முதன்மை அச்சில் (பெட்டிகள் வரிசையாகப் போகும் திசை) வேலை செய்யும், அலைன்-ஐட்டம்ஸ் அதற்குக் குறுக்கே. திசையை column (மேலிருந்து கீழ்) என்று மாற்றியதும் இரண்டு அச்சும் இடம் மாறும், எல்லாரும் தடுமாறுவது அங்கேதான். இரண்டு அம்புக்குறி வரைந்து வைத்தால் எம்ஆர்டியில் நின்றுகொண்டே பார்க்கலாம்.

விளக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் பிழைச் செய்தியை மட்டும் திரையில் வந்தபடியே ஒட்டிவிடுங்கள், பின்னால் தேடும்போது அந்த வரியை வைத்துத்தான் தேடுவீர்கள்.

ஏஐ பற்றி: கேட்கத் தெரிந்தால்தானே பதில் வரும்? சர்வரிலிருந்து தகவல் எடுக்கும் ஃபெட்ச், 404 (கேட்டது இல்லை) என்று பதில் வந்தாலும் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பக்கம் போகாது, ரெஸ்பான்ஸ் ஓகேயா (response.ok) என்று நாம்தான் பார்க்க வேண்டும். இது தெரியாதவர் வேறு எங்கோ பிழை இருக்கிறது என்று நினைத்து அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார். ஏஐயிடம் தாராளமாகக் கேளுங்கள். வந்த பதிலை ஓட்டிப் பார்த்து, உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதிய பிறகுதான் அது உங்களுடையது.

உட்லண்ட்ஸ்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கிரீன்ஷாட்டை எல்லாம் இந்த வாரமே அழித்துவிடப் போகிறேன். எங்கே வைப்பது என்பது மட்டும் பாக்கி.

பஸ்_பிரியன்:
எந்த ஆப் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், அதிலேயே பொழுது போய்விடும். மார்க்டவுன் ஃபைலாக (எளிய குறிகள் போட்ட வெறும் எழுத்து ஃபைல்) எழுதினால் எதிலும் திறக்கும். அப்சிடியன் என்ற குறிப்பு ஆப் அப்படித்தான் சேமிக்கிறது, வேண்டாம் என்றால் கோட் எழுதும் விஎஸ் கோடே போதும். அந்த ஃபோல்டரை, கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் பிரைவேட்டாகப் போட்டு வையுங்கள், மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவியும் பழகிவிடும். அலுவலகத்துக் கோட் அதில் வரவே கூடாது. டேட்டாமால் தரும் ரகசியக் கீயையும் குறிப்பில் ஒட்டாதீர்கள். கமிட் (கிட்டில் பதிவு) செய்தபின் வரியை அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும், அப்புறம் புதுக் கீ வாங்குவதுதான் வழி.