எஸ்.பி.பி.யின் முதல் தமிழ்ப் பாட்டு எது? மேடையில் சண்டை மூட்டும் இசைக் கேள்விகள்

கேள்வி எழுதுபவர்

"எஸ்.பி. பாலசுப்ரமணியம் தமிழில் பாடிய முதல் பாட்டு எது?" இந்தக் கேள்வியை எந்த வினாடி வினாவில் போட்டாலும் அடுத்த ஐந்து நிமிடம் வீண். க்விஸ் மாஸ்டர் கையில் இருக்கும் அட்டையில் ஒரு விடைதான் இருக்கும். அரங்கில் மூன்று விடை இருக்கும். மூன்றுமே சரி என்பதுதான் எரிச்சல்.

முதலில் ஒலிப்பதிவானது 'ஹோட்டல் ரம்பா' படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடிய பாட்டு. எம்.எஸ்.வி. (எம்.எஸ். விஸ்வநாதன்) இசை. படம் வெளிவரவே இல்லை. அடுத்து 'சாந்தி நிலைய'த்தில் 'இயற்கையென்னும் இளைய கன்னி'. அதுவும் எம்.எஸ்.வி. அதன் பிறகு பதிவானது 'ஆயிரம் நிலவே வா', கே.வி. மகாதேவன் இசை. ஆனால் அது இடம்பெற்ற 'அடிமைப் பெண்' 1969 மே 1-இல் வந்துவிட்டது. 'சாந்தி நிலையம்' அதற்குப் பின்னால்தான் வந்தது.

ஆக 'பாடிய' என்றால் ஒரு விடை, 'வெளிவந்த' என்றால் இன்னொன்று, 'வெளிவந்த பாட்டுகளில் முதலில் பதிவானது' என்றால் மூன்றாவது. 'தமிழில்' என்ற சொல்லை விட்டுவிட்டால் தெலுங்குக்காரர் எழுந்து 'மர்யாத ராமன்னா' என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

கேள்வி எழுதும்போதே இந்தச் சிக்கலைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விடையை மறைத்துவிட்டு, 'முதல்', 'கடைசி', 'ஒரே', 'அதிகம்' ஆகிய நான்கு சொற்களில் ஏதாவது கேள்வியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்கு முன்னால் எந்த வினைச்சொல் நிற்கிறது என்று பாருங்கள். பதிவானதா, வெளியானதா, பெயர் போடப்பட்டதா, விருது பெற்றதா? வினை தெளிவாக இல்லையென்றால் கேள்வியைத் தூக்கிவிடுங்கள்.

பழைய பாட்டு ஆள்

'கடைசி'க்கு இதைவிட நல்ல உதாரணம் விஸ்வநாதன் – ராமமூர்த்தி. "இருவரும் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படம்?" அட்டையில் 'ஆயிரத்தில் ஒருவன்', 1965 என்று இருக்கும். அதோடு பிரிந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷம் கழித்து 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். கேள்வியை 'பிரிவதற்கு முன்' என்று இரண்டு சொல் சேர்த்துக் கேட்டிருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

இந்த இரட்டையர் விஷயத்தில் இன்னொரு தொல்லை. 'காதலிக்க நேரமில்லை'க்கு யார் இசை என்றால் பாதிப் பேர் "எம்.எஸ்.வி." என்று முடித்துக்கொள்வார்கள். படத்தில் இரண்டு பெயர். பாதி மதிப்பெண் தருவதா, முழுதாகத் தருவதா, தராமல் விடுவதா? மேடையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் எப்படியும் ஒரு அணி கோபிக்கும். போட்டி தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும்: இரட்டையர் என்றால் இரண்டு பெயரும் வேண்டும். ஒரு பெயர் வந்தால் ஒரே ஒரு முறை "முழுசா சொல்லுங்க" என்று கேட்பார்கள். இதை எல்லா அணிக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஒரு அணியிடம் கேட்டுவிட்டு அடுத்த அணியிடம் கேட்காமல் 'தப்பு' என்று சொன்னால், அந்தப் புகாருக்குப் பதிலே கிடையாது.

கர்நாடக இசை ஆசிரியர்

சினிமாக் கேள்வியில் இவ்வளவு என்றால் ராகக் கேள்வியில் இதைப்போல நான்கு மடங்கு. சில இடங்களைச் சொல்கிறேன்.

"கர்நாடக இசையில் ஸ்வரங்கள் எத்தனை?" ஏழு என்பது ஸ, ரி, க, ம, ப, த, நி. அவை நிற்கும் இடங்களான ஸ்வரஸ்தானங்கள் பன்னிரண்டு. பெயர்களை எண்ணினால் பதினாறு, ஏனென்றால் நான்கு ஸ்தானங்களுக்கு இரண்டிரண்டு பெயர்: சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒன்று, ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒன்று. மேலே தைவத நிஷாதத்திலும் அப்படியே இரண்டு. இன்னும் நுண்ணிய பிரிவான சுருதி என்று போனால் இருபத்திரண்டு. கேள்வியில் 'ஸ்வரம்' என்று மட்டும் போட்டு விடைத்தாளில் 12 வைத்திருப்பவரை என்ன செய்வது?

"முதல் மேளகர்த்தா?" மேளகர்த்தா என்றால் 72 தாய் ராகங்களில் ஒன்று. கனகாங்கி என்று எல்லோரும் சொல்வார்கள். தீட்சிதர் வழியில் வந்தவர் கனகாம்பரி என்பார், 72-க்கு ரசிகப்ரியா இல்லை, ரசமஞ்சரி என்பார். இரண்டும் நடைமுறையில் உள்ள இரண்டு வரிசைகள். எந்த வரிசை என்று கேள்வியில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

மேள எண் கேள்விக்கு மேடையிலேயே சரிபார்க்க, எழுத்துக்கு எண் தரும் கடபயாதி முறை இருக்கிறது. பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு எண் போட்டுத் திருப்பிப் படிக்க வேண்டும். மாயாமாளவகௌளை: ம 5, ய 1, திருப்பினால் 15. மேசகல்யாணி: ம 5, ச 6, ஆக 65. ஆனால் இதைத் தமிழ் எழுத்தை வைத்துப் போட்டால் கால் வாரிவிடும். கரஹரப்ரியாவைத் தமிழில் எழுதினால் முதலெழுத்து 'க', எண் 1. அப்போது கணக்கு 21 வரும், அது கீரவாணி. உண்மையில் அங்கே இருப்பது வடமொழியின் இரண்டாவது ககரம், எண் 2. அதனால்தான் 22. தீரசங்கராபரணத்திலும் இதே வம்பு. 'த'வை முதல் தகரமாக எடுத்தால் 26, அதாவது சாருகேசி. நான்காவது தகரமாக எடுத்தால் 9, 2, சரியான 29. அரங்கில் ஒருவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டு "சங்கராபரணம் 26" என்று அடம்பிடித்தால் தவறு இங்கேதான் இருக்கிறது.

அடுத்து ஆடியோ ரவுண்டு. பதினைந்து விநாடி ஆலாபனையைப் போட்டு ராகம் கேட்கிறார்கள். ஆரபியும் தேவகாந்தாரியும் ஆரோகண அவரோகணத்தில் (ஏறும், இறங்கும் ஸ்வர வரிசையில்) ஒன்றேதான், நடையிலும் நீட்டிப் பிடிக்கும் இடங்களிலும்தான் பிரியும். வேகமாக மேலேறும் ஒரு பிடியை மட்டும் வெட்டி எடுத்தால் யாராலும் பிரிக்க முடியாது. ஆனந்தபைரவி – ரீதிகௌளை, தர்பார் – நாயகி ஜோடிகளும் சின்னத் துண்டில் இப்படித்தான் குழப்பும். அந்த ராகத்துக்கே உரிய பிடி ஒன்றாவது கிளிப்புக்குள் முழுசாக வர வேண்டும்.

இதைவிட மோசம் தம்புரா இல்லாத கிளிப். கீபோர்டில் மோகனத்தின் ஐந்து ஸ்வரத்தையும் வாசித்துவிட்டு ஸட்ஜம் ('ஸ') எது என்று காட்டும் ஆதார சுருதியைக் கேட்கவிடாமல் செய்தால், அது மோகனம் மட்டும் இல்லை. ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்துக் கேட்பவருக்கு மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. ஐந்து அணி ஐந்து விடை சொன்னால் ஐந்து பேருக்கும் மதிப்பெண் போடத்தான் வேண்டும்! முதல் மூன்று விநாடி சுருதியை மட்டும் ஒலிக்கவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

"'ஒரு நாள் போதுமா' எந்த ராகம்?" என்று கேட்பவர்களுக்கு: மாண்டில் தொடங்குகிறது. அப்புறம் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகிறது, அந்தந்த ராகத்தின் பெயரைக் கண்ணதாசன் வரிக்குள்ளேயே ஒளித்தும் வைத்திருக்கிறார். அந்த வேடிக்கையை விட்டுவிட்டு ஒற்றை ராகம் கேட்பது பாட்டுக்கும் அநியாயம்.

அணியில் உட்காருபவர்

மேடம் சொன்னதோடு ஒன்று: "இசை மூவர் யார்?" என்று ஒரு கேள்வி சுற்றுகிறது. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்று சொன்னால் 'தப்பு, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப்பிள்ளை' என்பார்கள். மாற்றிச் சொன்னால் அதுவும் தப்பு. 'சங்கீத மும்மூர்த்திகள்' என்றோ 'தமிழிசை மூவர்' என்றோ கேட்க என்ன கஷ்டம்?

ஆட்சேபம் எழுப்புகிறவர்கள் செய்யும் தப்பும் உண்டு. அடுத்த கேள்வி படிக்கத் தொடங்குவதற்குள் கை தூக்க வேண்டும். விடையைப் பற்றி வாதாடாமல், கேள்வி எப்படிப் படிக்கப்பட்டது என்பதை முதலில் அட்டையோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். பாதிச் சண்டை, க்விஸ் மாஸ்டர் வாய்க்கு வந்தபடி சுருக்கிப் படித்ததால் வருவது. போனில் யூடியூப் தலைப்பைக் காட்டாதீர்கள். பதிவேற்றியவர் இஷ்டத்துக்குப் போட்ட இசையமைப்பாளர் பெயர் அது. படத்தின் டைட்டில் கார்டு, இசைத்தட்டின் லேபிள் இரண்டும்தான் எடுபடும்.

விருதுக் கணக்கு பார்ப்பவர்

எண் கேட்கும் கேள்விக்குத் தேதி போடுங்கள். இளையராஜாவுக்கு தேசிய விருது எத்தனை? ஐந்து. 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ர வீணா' மூன்றும் பொதுவாக இசைக்கு. 'பழஸ்ஸி ராஜா', 'தாரை தப்பட்டை' இரண்டும் பின்னணி இசைக்கு. 2009-க்கான விருதுகளில் இருந்து பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியாகத் தருகிறார்கள், அதனால் 'சிறந்த இசையமைப்பாளர் விருது' என்று கேட்டால் மூன்று என்பவரும் ஐந்து என்பவரும் மோதுவார்கள். ஆண்டிலும் தகராறு: 'ரோஜா'வுக்குக் கிடைத்தது 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருது, கொடுத்தது 1993-இல்.

ஆஸ்கரும் இதே கதை. 'ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியப் பாட்டு' என்றால் 2009-இன் 'ஜெய் ஹோ' என்பார்கள், ஆனால் அது இடம்பெற்ற 'ஸ்லம்டாக் மில்லியனர்' பிரிட்டிஷ் படம். 'இந்தியப் படத்தில் இடம்பெற்று' என்றால் 2023-இல் 'நாட்டு நாட்டு'.

எத்தனை பாட்டுப் பாடினார் என்ற கேள்வியைத் தயவுசெய்து போடாதீர்கள். லதா மங்கேஷ்கருக்கு கின்னஸ் புத்தகம் 25,000 என்று போட்டதை முகமது ரஃபியே எதிர்த்தார், 1991-இல் அந்தப் பதிவே நீக்கப்பட்டது. பி. சுசீலாவின் 17,695 கூட 2016-இல் கின்னஸ் ஏற்ற எண் என்று சொல்லிக் கேட்டால்தான் நிற்கும்.

ஆடியோ போடுபவர்

கோப்புக்குப் பாட்டின் பெயர் வைக்காதீர்கள். திரையில் பிளேயர் திறந்ததும் படம், ஆண்டு, பாடகர் எல்லாம் தெரிந்துவிடும். கோப்பின் பெயரை '01' என்று மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் டேகையும் (பாட்டு விவரக் குறிப்பையும்) அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்பம் அட்டைப்படம் வந்து பல்லிளிக்கும்.

ரீமிக்ஸ் பாட்டுக்கு 'எந்தப் படம்' என்று கேட்காதீர்கள். 'தொட்டால் பூ மலரும்' 'படகோட்டி'யும்தான், 'நியூ'வும்தான். 'பொன்மகள் வந்தாள்' 'சொர்க்க'மும்தான், 'அழகிய தமிழ்மக'னும்தான். ஒலிக்கும் குரல் யாருடையது என்று கேளுங்கள்.

ஸ்கோர் போடுபவர்

ஆட்சேபம் சரி என்று ஆனபின் என்ன செய்வது? அங்கேதான் இரண்டாவது சண்டை. ஆறு அணி, பவுன்ஸ் முறை என்று வையுங்கள்: ஒரு அணி தவறவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், சரியாகச் சொன்ன அணிக்கு அடுத்த அணிக்குத்தான் அடுத்த நேரடிக் கேள்வி. மூன்றாம் அணிக்கு நேரடிக் கேள்வி. 'ஆயிரம் நிலவே' என்றது, தப்பு என்று சொல்லியாயிற்று. நான்காம் அணி 'இயற்கையென்னும்' என்று பத்து மதிப்பெண் வாங்கியது. அடுத்த நேரடிக் கேள்வி ஐந்தாம் அணிக்குப் போகிறது. மூன்றாம் அணியின் விடையை அப்போதே ஏற்றிருந்தால் அடுத்த நேரடிக் கேள்வி நான்காம் அணிக்கு வந்திருக்கும். ஆகவே மூன்றாம் அணிக்குப் பத்து கொடுத்தால் மட்டும் கணக்கு நேராகாது, வரிசையையும் ஒன்று பின்னால் இழுக்க வேண்டும்.

ஐந்தாம் அணிக்கான கேள்வி படிக்கப்படும் முன் என்றால் இழுத்துவிடலாம். படித்துவிட்டால் வரிசையைத் தொடக்கூடாது, மதிப்பெண் மட்டும்தான். நான்காம் அணியின் பத்தைப் பிடுங்கலாமா? கேள்வி தங்களிடம் வந்தே இருக்காது என்று மற்றவர்கள் சொல்வார்கள். என் கணக்கில், அவர்கள் சொன்னதும் ஒரு பொருளில் சரியான விடை என்றால் விட்டுவிட வேண்டும், பிழை கேள்வியுடையது. கேள்வியையே ரத்து செய்வது சுலபம் என்று தோன்றும், ஆனால் தெரிந்து பதில் சொன்ன இரண்டு அணியையும் அது தண்டிக்கிறது. யாருமே சரியான விடை சொல்லாத கேள்விக்கு மட்டும் ரத்து, பதிலுக்குக் கையிருப்பில் இருந்து ஒன்று. நாற்பது கேள்விக்கு ஐந்து கையிருப்பு வைத்தால் தாங்கும். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஸ்கோரைத் தனிக்கோடாக எழுதுங்கள், கூட்டுத்தொகையை மட்டும் அழித்து அழித்து எழுதினால் பின்னால் போகவே வழியில்லை.

கேள்வி எழுதுபவர்

நான்காம் அணி விஷயத்தில் சாரோடு எனக்கு உடன்பாடு இல்லை, பத்தைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். அது இருக்கட்டும். எல்லாவற்றையும் கேட்டபின் கேள்வியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "1969-இல், எஸ்.பி.பி. குரலில் தமிழ் ரசிகர்கள் முதலில் கேட்ட சினிமாப் பாட்டு எது?" ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

பழைய பாட்டு ஆள்

இருக்கிறது தம்பி. 'கேட்ட' என்று போட்டால், படத்துக்கு முன்னாலேயே இலங்கை வானொலியில் கேட்டேன் என்று கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்திருப்பார். அவரை யாராலும் உட்கார வைக்க முடியாது. 'தியேட்டரில்' என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்.