75 லிட்டர் ரீஃப் தொட்டி: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

நெய்தல்:
ரீஃப் தொட்டிக்கு, அதாவது வீட்டில் பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு, எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடி, விளக்கு விலையைத்தான் கேட்கிறார்கள். சென்னையில் செலவு ஒளிந்திருப்பது தண்ணீரிலும் வெயிலிலும். அந்த இரண்டுக்கும் வழி பண்ணிவிட்டால் மீதியெல்லாம் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தொட்டி 60×40×40 செ.மீ., 8 மி.மீ. கண்ணாடி. கணக்குக்கு 96 லிட்டர். மேல்விளிம்பு, கல், மணல் போக 75 நிற்கும். இதைவிடச் சின்னது மலிவு போலத் தெரியும். ஆனால் 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானாலே உப்பு 35 பிபிடி-யிலிருந்து (ஆயிரம் பங்கில் 35) 37-க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கேன் தண்ணீர் வேண்டாம். டிடிஎஸ் மீட்டரை (கரைந்த கனிமங்களை அளக்கும் கருவி) விட்டுப் பாருங்கள், 50, 80 என்று காட்டும். ருசிக்காகக் கனிமம் சேர்த்திருப்பார்கள். வீட்டு ஆர்ஓ தண்ணீரை ஒரு டிஐ ரெசின் (மிச்சக் கனிமத்தையும் உறிஞ்சும் மணிகள்) குழாய் வழியாக விட்டு 0 வந்த பிறகு பிடியுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் டிடிஎஸ் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அது செம்புச் சுருள் மேல் வழிந்து வருவது. செம்பு துளி இருந்தாலும் நத்தை, இறால் தாங்காது.

கடலோரம் இருந்துகொண்டு உப்பை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பார்கள். மெரினா ஓரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கலந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலின் மேல்மட்ட உப்பே இறங்கிவிடும். ரீஃப் உப்பு வாங்கிக் கரைப்பதுதான் கடைசியில் மலிவு. லிட்டருக்குச் சுமார் 37 கிராம், 75 லிட்டருக்கு 2.8 கிலோ. கரைத்துப் பம்ப் ஓட்டி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் அளந்து பாருங்கள். 35 பிபிடி வர வேண்டும்.

உப்பு அளக்க மலிவு ரிஃப்ராக்டோமீட்டர் போதும். ஆனால் வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-ல் தள்ளிக் காட்டலாம். சமையல் உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணீர் 963.5 கிராம். இந்தக் கரைசல் அந்தக் கருவியில் 35 என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் திருகித் திருத்துங்கள். சமையல் உப்புக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள ஒரே உபயோகம் அளவு பார்ப்பது. தொட்டிக்குள் போட்டால் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை.

வெக்கை:
நெய்தல் வெயிலைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார், அதை நான் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்கினால் பட்ஜெட் அங்கேயே முடிந்தது. கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட், 120 மி.மீ., இரண்டு. தண்ணீர் மேல் சாய்வாக அடிக்கும்படி விளிம்பில் மாட்டுங்கள், மேல்மூடியை எடுத்துவிடுங்கள். எஸ்டிசி-1000 வெப்பநிலை கன்ட்ரோலரில் 27.5 டிகிரியில் அணைந்து 28-ல் ஓடும்படி வையுங்கள். நம் வீட்டு மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அதேதான். ஒரு நாளில் ஒரு லிட்டர் ஆவியானால் தொட்டியிலிருந்து சுமார் 28 வாட் வெப்பம் வெளியேறுகிறது. இரண்டு லிட்டர் போனால் 56 வாட். பம்பும் விளக்கும் தண்ணீருக்குள் விடும் சூட்டை அது சமாளிக்கும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு) கீழே எந்த ஃபேனும் தண்ணீரைக் கொண்டுபோகாது. அக்னி நட்சத்திரத்தில் கடல் காற்று ஈரத்தோடு வரும்போது ஃபேன் சுற்றும், 29-க்குக் கீழே இறங்காது. ஜன்னல் திறந்து ஈரக்காற்று வெளியே போக வழி இருந்தால் ஓரளவு தேறும்; மூடிய அறையில் தொட்டி தன் ஈரத்தையே மூச்சுவிடும். மேல்மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ரீஃப் வைக்காதீர்கள். 29-ல் நிலையாக நிற்பதை மென்பவளங்கள் (கல் எலும்புக்கூடு இல்லாத பவளங்கள்) பொறுத்துக்கொள்ளும். பகலில் 31, ராத்திரியில் 27 என்று ஆடினால் தாங்காது.

புதுசு:
அண்ணா, ஆவியாகிற தண்ணிக்கு உப்புத் தண்ணி ஊத்தணுமா, நல்ல தண்ணியா? அப்புறம் ராமேஸ்வரம் பக்கம் லைவ் ராக் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா?

நெய்தல்:
தம்பி, உப்பு ஆவியாகாது. நல்ல தண்ணீர்தான். ஆர்ஓ மெஷின் ரிப்பேர் கடையில் சின்ன மிதவை வால்வு கிடைக்கும். மேலே ஒரு வாளி, அதிலிருந்து கால் அங்குலக் குழாய், தொட்டி விளிம்பில் வால்வு. வாளியில் 5 லிட்டருக்கு மேல் ஊற்றாதே. நத்தை ஏறி மிதவையை அமுக்கிக்கொண்டு முழுதும் இறங்கினால்கூட உப்பு 35-லிருந்து 33 வரைதான் போகும். 20 லிட்டர் கேனைக் கவிழ்த்து வைத்தால் தரையும் நனையும், தொட்டியும் போகும்.

லைவ் ராக் என்றால் உயிர்கள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டு; அதைத் தொடாதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கல்பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் 2001-லேயே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டன. உயிருள்ளதோ, காய்ந்ததோ, பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு சிறை. இறக்குமதிப் பவளம் என்று கடையில் சொன்னால் சைட்டீஸ் (அரிய உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டின் நகலைக் கேள். முகம் மாறினால் கிளம்பி வந்துவிடு.

கிளிஞ்சல்:
கல்லை வீட்டிலேயே வார்க்கலாம். வெள்ளை சிமென்ட் 1 பங்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் உடைசல் 2 பங்கு, கல் உப்பு 2 பங்கு. புட்டு மாவுப் பதம்; பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. ஈர மணலில் குழி தோண்டி அதில் கொட்டி, ஈரச் சாக்கு போட்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு டிரம்மில் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பு கரைந்து போய்த் துளைகள் விழும். பாக்டீரியா குடியேறுவது அந்தத் துளைகளில்தான்.

அவசரப்படுபவர்கள் கெடுப்பது இங்கேதான். புது சிமென்டில் சுண்ணாம்பு கசிந்து பிஹெச் 11, 12 வரை ஏறும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி ஆறு முதல் எட்டு வாரம். மாற்றி மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் 8.5-க்குள் நின்றால் கல் தயார். இந்தத் தொட்டிக்கு 8 கிலோ போதும். பின்கண்ணாடியோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி அடுக்குங்கள், பின்னால் தண்ணீர் ஓடட்டும்.

நெய்தல்:
கல் தயாரானதும் சைக்கிள், அதாவது மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைக் கல்லில் வளர்த்தெடுப்பது. மீனை விட்டு சைக்கிள் பண்ணுவது பாவம், தேவையும் இல்லை. நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, ஆய்வகத் தரம் 5 கிராம் வாங்கி 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். (ஈயம் பூசுகிறவர்களின் நவச்சாரக் கட்டி வேண்டாம், என்ன கலந்திருக்கும் என்று தெரியாது.) அதில் 10 மி.லி. 75 லிட்டரில் விட்டால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு). அது 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் கிடையாது. காய்ந்த கல்லில் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நடுவில் பழுப்புத் தூள் படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும், மருந்து ஊற்றாதீர்கள்.

முதல் மீன் கோமாளி ஜோடி. தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே இதன் குஞ்சு உற்பத்தி முறையை வகுத்திருக்கிறது. வாரம் 8 லிட்டர் மாற்றுங்கள், உப்பு 300 கிராம்.

கிளிஞ்சல்:
ஆல்கலினிட்டி (பிஹெச் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் சக்தி) குறைந்தால் பாட்டில் மருந்து தேட வேண்டாம், ஆப்ப சோடா போதும். 75 லிட்டரில் 1 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு) ஏற்ற 2.25 கிராம். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஓட்டம் இருக்கும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு 1-க்கு மேல் ஏற்றாதீர்கள். பேக்கிங் பவுடர் வேறு, பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. தினம் ஆவியாகும் இரண்டு லிட்டரையும் அதனாலேயே நிரப்பினால் 3 டிகேஹெச் ஏறும். மென்பவளம் மட்டும் உள்ள சின்னத் தொட்டிக்கு அது அநியாயம்.

வெக்கை:
இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். உப்புத் தண்ணீர் ஒயர் வழியாக வழிந்து அந்த வளைவில் சொட்டட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனை அணைக்கும் ஸ்விட்ச்) இல்லாத லைனில் தொட்டியை மாட்டாதீர்கள். இன்னொன்று ஜோயாந்தஸ் என்ற பவளம் போன்ற கடல் உயிர். அது ஒட்டிய கல்லை வெறுங்கையால் தேய்க்காதீர்கள், சுத்தம் பண்ணுகிறேன் என்று வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. ஆவியில் கலந்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆஸ்பத்திரிதான். வெட்டி ஒட்டும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் போடுங்கள்.

புதுசு:
கண்ணாடின்னா பவர் கிளாஸ் போதுமா அண்ணா?

வெக்கை:
போதாது தம்பி. பக்கவாட்டும் மூடின பாதுகாப்புக் கண்ணாடி, வெல்டிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். நறுக்கும்போது ஜோயாந்தஸ் பீச்சி அடிக்கும்.