குடும்பக் குழு: லைன் நின்ற மாலை

மாலதி அத்தை: செல்வம், எல்லாரும் அழைப்பில் காத்திருக்கிறோம். எங்கே இருக்கிறாய்?

செல்வம்: ஆலையில்தான் அத்தை. கூழைச் சூடேற்றி அடைக்கும் லைன் நின்றுவிட்டது. நீங்கள் பேசுங்கள், எனக்கு நேரமாகும்.

நித்யா: என்ன ஆச்சு அண்ணா?

செல்வம்: காய்கறிக் கூழ் ஓடிக்கொண்டிருந்தது. நீராவி அழுத்தம் சரிந்து, சூடான கூழை வேண்டிய நேரம் அதே சூட்டில் வைத்திருக்கும் ஹோல்டிங் டியூபின் முனையில் வெப்பம் வரம்புக்கு 1 டிகிரி கீழே வந்தது. வால்வு உடனே கூழைத் தனித் தொட்டிக்குத் திருப்பிவிட்டது.

நித்யா: 1 டிகிரிக்கா இந்தப் பாடு? மறுபடி சூடேற்றி ஓட்டினால் போச்சு!

செல்வம்: சூடேற்றுவது சுலபம். ஹீட்டர் சூட்டை ஏற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். கிருமி சாவது பெரும்பாலும் அடுத்துள்ள ஹோல்டிங் டியூபில். 121 டிகிரியில் 3 நிமிடம் பிடிக்கிற வேலை 131-ல் 18 நொடி, 141-ல் 2 நொடிகூட இல்லை. டியூபின் நீளம் மாறாது, பம்ப்பும் அதே வேகம். சூடு குறைந்தால் ஈடுகட்ட நேரம் எங்கிருந்து வரும்?

ராஜு மாமா: 141-ல் கொதித்துப் பொங்கிவிடாதா மாப்பிள்ளை?

செல்வம்: விடமாட்டோம் மாமா. லைன் முனையில் இன்னொரு வால்வு நெரித்துப் பிடித்திருக்கும். உள்ளே வெளிக்காற்றைப் போல 4 மடங்குக்குக் குறையாத அழுத்தம். அது தளர்ந்தால் ஆவி கிளம்பிக் கூழை முன்னால் தள்ளிவிடும், வேண்டிய நேரம் உள்ளே நிற்காது.

செல்வம்: கெட்டிக் கூழில் இன்னொரு தலைவலி. சுவரோரம் ஊர்ந்து போகும், நடுவிலோ சராசரியைப் போல 2 மடங்கு வேகம்வரை ஓடும். அந்த நடுத்துளிக்கும் நேரம் போதும்படிதான் டியூபின் நீளம். ஹீட்டர் சுவரில் ஒட்டிக் கருகாமல் இருக்க உள்ளே கத்திகள் சுழன்று சுரண்டிக்கொண்டே இருக்கும்.

நித்யா: சரி, வால்வுதான் திருப்பிவிட்டதே. அப்புறம் என்ன?

செல்வம்: திருப்பிவிடும் அந்த வால்வு, கூழை ஆறவைக்கும் கூலருக்கு அப்பால் இருக்கிறது. கூலருக்குள் அந்தக் கூழ் புகுந்துவிட்டது, அங்கே இன்னொரு சூடு கிடையாது. அதனால் முதலில் காஸ்டிக் காரத்தால் கழுவல், அப்புறம் ஆசிட், அப்புறம் 121-க்கு மேல் வெந்நீர் அரை மணி நேரம். கூழை வேகவைப்பதைவிட, வெந்த பிறகு கிருமி அண்டாமல் காப்பதுதான் எங்கள் பிழைப்பு.

மாலதி அத்தை: காகிதப் பெட்டியில் அடைக்கிறீர்களே, காகிதத்தையுமா வேகவைப்பீர்கள்?

செல்வம்: அதை ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி, சூடான காற்றில் உலர்த்துவோம் 😄 நிரப்பும் கூண்டுக்குள் கிருமி நீக்கிய காற்று எப்போதும் வெளிப்பக்கமாகவே தள்ளும்.

நித்யா: இதுவரை அடைத்ததெல்லாம்?

செல்வம்: அதில் பழுதில்லை. ஆனாலும் தனியே அடுக்கியிருக்கிறோம். மாதிரிகளைச் சூட்டறையில் சில நாள் வைத்து, உப்புகிறதா, புளிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவோம்.

ராஜு மாமா: உப்பினால்?

செல்வம்: அந்த ஓட்டம் முழுக்க முடக்கம்தான் மாமா. சரி, காஸ்டிக் முடிந்துவிட்டது, ஆசிட்டுக்கு மாற்றப் போகிறேன்.