மாமாவின் செலிக்காவுக்கு என்ன விலை சொல்லலாம்?

அண்ணன்மார், தம்பிமார், ஒரு உதவி. கல்லடியில் மாமாவின் 1974 டொயோட்டா செலிக்கா கார், டீஏ22 மொடல், விற்க வேண்டும். 1588 சிசி 2டீ எஞ்சின். சேஸி நம்பரும் பதிவுப் புத்தகமும் ஒத்துப்போகின்றன. டாஷ்போர்டில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. மாமா வெயில் படவே விடவில்லை, மேலே எப்போதும் பழைய பெட்ஷீட்.

பயம் உப்புக்காற்றுதான். காந்தம் வைத்துப் பார்த்தேன்: இடது பின் சில்லு வளைவில் மட்டும் ஒட்டவில்லை, தகரத்துக்கு மேல் பட்டி (பூச்சுப் பசை) போட்டிருக்கிறார்கள். பட்டிக்குக் கீழே கறளா (துருவா), எப்போதோ இடிபட்ட நெளிவா தெரியவில்லை. கிளறிக் காட்டி விற்பதா, அப்படியே விடுவதா?

வந்த தரகர் பழைய இரும்பு விலை சொல்லிவிட்டுப் போனார். அண்மையில் இதே மொடல் வாங்கியவர், விற்றவர் இருந்தால் எவ்வளவுக்குப் போனது என்று சொல்லுங்கள். அப்புறம், மட்டக்களப்புப் பக்கம் பழைய டொயோட்டா திருத்தத் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) யாராவது இருக்கிறாரா?