புதுப்பிப்பு: பேலன்ஸிங் செய்தும் போகாத ஸ்டீயரிங் உதறல் தீர்ந்தது

வீல் பேலன்ஸிங் (சக்கர எடையைச் சமன்செய்தல்) செய்தும் காரில் 90 கி.மீ. வேகத்தில் தொடங்கி 110-இல் உச்சமாகும் ஸ்டீயரிங் உதறல் போகவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால் முதலில் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மட்டும் என்றால் உள்பக்க சி.வி. ஜாயின்டை (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் மூட்டு) பார்க்கலாம். இங்கே இரண்டும் இல்லை.

காரணம், முன் இடது ஹப் முகத்தில் (வீல் பொருந்தி உட்காரும் உலோகப் பரப்பு) செதில் செதிலாகப் படிந்திருந்த துரு. வீல் சமமாக உட்காரவில்லை. பேலன்ஸிங் மெஷின் வீலைக் கார் ஹப்பில் அல்ல, தன் கோனில்தான் (கூம்பு வடிவப் பிடிப்பான்) பிடிக்கும். அதனால் அங்கே சமநிலைக் குறை பூஜ்யம் என்றுதான் காட்டும்! டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) ரிம் விளிம்பில் வைத்துச் சுற்றியபோது பக்கவாட்டு ஆட்டம் 1.2 மி.மீ.

ஹப் முகம், வீலின் நடுத்துளை இரண்டையும் வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்தபின் அந்த ஆட்டம் 0.3 மி.மீ. நட்டுகளை வீல் தூக்கியிருக்கும்போதே எதிரெதிராகப் பிடித்து, இறக்கியபின் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பானர்) கார் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். இம்பாக்ட் கன்னால் (நட்டு முறுக்கும் பவர் கருவி) முறுக்கியதோடு விட்டுவிடாதீர்கள். 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளின் முறுக்கை மறுபடி சரிபாருங்கள்.