ஜமக்காளக் கடைத் தளம்: வருகிறார்கள், வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள்

ஜமக்காளக்கடை:
வணக்கம். பவானியில் அப்பா காலத்திலிருந்து ஜமக்காள வியாபாரம். போன தை மாதம் இணையதளம் போட்டோம். ஆள் வருவது கூகுள் அனலிட்டிக்ஸில் தெரிகிறது, ஆனால் சராசரியாக 11 நொடிதான் இருக்கிறார்கள். பவுன்ஸ் ரேட், அதாவது வந்து நிற்காமல் போகிறவர் விகிதம், 80 சதவீதத்துக்கு மேல். தளம் செய்து தந்தவரோ "நல்லா எழுதிப் போடுங்க, நிப்பாங்க" என்கிறார். புவிசார் குறியீடு வாங்கியது முதல் குழித்தறி வரை முகப்பிலேயே எழுதிவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. எங்கே தப்பு?

நூல்கண்டு:
கடை வைஃபையில் பார்க்காதீர்கள். இதுவரை உங்கள் தளத்தைத் திறக்காத ஒரு போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

ஜமக்காளக்கடை:
தங்கச்சி போனில் பார்த்தேன். முகப்பு முழுசாக வர 14 நொடி! மாறி மாறி ஓடும் ஸ்லைடரில் ஐந்து படம், ஒவ்வொன்றும் கேமராவில் எடுத்தபடியே 6 எம்.பி.

நூல்கண்டு:
அப்புறம் எப்படி நிற்பார்கள்? ஸ்லைடரைத் தூக்குங்கள், ஒரு படம் போதும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவைச் சுருக்கும் பட வடிவத்தில் சேமித்தால் சில நூறு கே.பி.க்குள் வந்துவிடும். பிறகு கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் சோதியுங்கள். திரையின் பெரிய படம் 2.5 நொடிக்குள் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

ஈரோட்டான்:
உள்ளே வந்ததும் "உங்கள் எண்ணைத் தாருங்கள், தள்ளுபடி" என்று பாப்-அப் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

தறிச்சத்தம்:
அண்ணா, கோபிக்காதீங்க, அது வேண்டாம். கடைப்படி ஏறும் முன்பே வாசலில் மறித்து நம்பர் கேட்டால் யார் உள்ளே வருவார்? போனில் திரையை மறைக்கும் பாப்-அப் வைத்த பக்கங்களைக் கூகுள் 2017 ஜனவரியிலிருந்து தேடலில் பின்னுக்குத் தள்ளக்கூடும் என்றும் அறிவித்திருக்கிறது.

ஜமக்காளக்கடை, ஊகிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம். வருகிறவர் எங்கே தட்டுகிறார், எங்கே நிற்கிறார் என்று வீடியோ மாதிரியே காட்டும். ஒரு இருபது பதிவு பாருங்கள்.

ஜமக்காளக்கடை:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். படங்களைச் சுருக்கியதில் இப்போது 3 நொடி. கிளாரிட்டியில் பார்த்தது தனிக்கதை. பாதிப் பேர் ஜமக்காளப் படத்தின் மேல் டக்டக்கென்று தட்டுகிறார்கள். அது பெரிதாகும் என்று நினைக்கிறார்கள் போல, நான் வெறும் படமாக வைத்திருக்கிறேன்! விலையும் இல்லை, 3க்கு 6 அடியா, மண்டபத்துக்கு விரிக்கிற பெரிய அளவா என்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் எழுதிய வரலாற்றை ஒருவர்கூட நின்று படிக்கவில்லை, அதுதான் கொஞ்சம் வருத்தம்.

தறிச்சத்தம்:
வரலாற்றைத் தனிப் பக்கமாக்குங்கள். படத்துக்குக் கீழேயே அளவு, விலை, கூரியர் செலவு.

இன்னொன்று. 10 நொடிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கம் பார்க்க வேண்டும், அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்த ஒன்று நடக்க வேண்டும். இதில் எதுவும் இல்லாத வருகையைத்தான் அனலிட்டிக்ஸ் பவுன்ஸ் என்கிறது. எட்டு நொடியில் எண்ணைத் தட்டி உங்களை அழைத்தவரும் அந்தக் கணக்கில்தான் போயிருப்பார். போன் எண்ணைத் தட்டுவது தானாகப் பதிவாகாது. கூகுளின் டேக் மேனேஜர் கருவியில் அது பதிவாகும்படி அமைத்து, முக்கிய நிகழ்வாகக் குறியுங்கள்.

ஜமக்காளக்கடை:
அப்பாவிடம் கேட்டேன். "அளவு கேட்டு போன் பண்றவங்க தை மாசத்துல இருந்து ஜாஸ்திதான்" என்கிறார். இத்தனை நாள் என்னிடம் சொல்லவே இல்லை! டேக் மேனேஜர் பாஸ்வேர்டு தளம் செய்தவரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு வருகிறேன்.